ஆர்க்டிக் முயலும் கிரீன்லாந்துச் சுறாவும்: எதை வைத்து ஒப்பிடுவது?

“ஐயா, விலங்கியல் முதலாண்டு படிக்கிறேன். ஒரு முயல் இனத்தையும் ஓர் ஆழ்கடல் சுறா இனத்தையும் ஒப்பிட்டுக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அட்டவணை போட்டுப் பார்த்தேன். முதுகெலும்பி என்ற ஒரு கட்டம் தவிர மற்ற எல்லாவற்றிலும் ‘வேறு, வேறு’ என்றுதான் வருகிறது. இதில் ஒப்பிட என்ன இருக்கிறது?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

தம்பி, மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடச் சொல்லிவிட்டார்களே என்று தோன்றுவது நியாயம்தான். ஏதோ ஒரு முயல், ஏதோ ஒரு சுறா என்று எடுத்துக்கொண்டால் முடிச்சு விழாது. ஒரே ஊர்க்காரர்களாகப் பார்த்து எடுங்கள். கிரீன்லாந்தின் கரையில் ஆர்க்டிக் முயல் இருக்கிறது. அதே கரையை ஒட்டிய கடலில் கிரீன்லாந்துச் சுறா இருக்கிறது. கிரீன்லாந்து மக்கள் மொழியில் முதலாவது உகாலெக், இரண்டாவது எகலுசுவாக். இரண்டுக்கும் ஒரே குளிர், ஒரே நீண்ட இருட்டு. ஆனால் அந்தக் குளிரை ஒன்று ஒரு விதமாகவும் மற்றது நேர் எதிராகவும் எதிர்கொள்கிறது. அட்டவணையைக் கிழித்துப் போட்டுவிட்டு, குளிரை எப்படிச் சமாளிக்கிறது என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு போங்கள். வேகம், பசி, ஆயுள், பிள்ளைப்பேறு எல்லாம் அதன் பின்னாலேயே வரும்.

அதற்கு முன் உறவுமுறையை முடித்துவிடுவோம். இரண்டும் தாடை உள்ள முதுகெலும்பிகள். இவற்றின் வம்சவழிகள் பிரிந்து 40 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. சுறா குருத்தெலும்பு மீன்களின் பக்கம் போயிற்று. எலும்பு மீன்கள் இருந்த பக்கத்திலிருந்துதான் தவளை, பல்லி, பறவை, முயல், நாம் எல்லாரும் வந்தோம். அதனால் வம்சக் கணக்கில் முயலுக்குச் சுறாவைவிட நெத்திலிதான் நெருங்கிய சொந்தம். “மீன் என்றால் எல்லாம் ஒன்று” என்று நினைப்பவர்களிடம் இதைச் சொன்னால் ஒரு நிமிடம் முழிப்பார்கள். கட்டுரையிலும் சேர்த்துக்கொள்ளுங்கள், கெட்டுப்போகாது.

முயல் என்ற சொல்லிலும் ஒரு சிக்கல். தமிழில் நாம் கூண்டில் வளர்க்கும் வெள்ளை முயலையும் காட்டில் ஓடும் முயலையும் ஒரே பெயரில்தான் கூப்பிடுகிறோம். கூண்டு முயலின் முன்னோர் மண்ணைத் தோண்டி வளையில் வாழ்பவை. அவற்றின் குட்டி மயிரில்லாமல், கண் திறக்காமல் பிறக்கும். நம் ஊர்க் கரட்டுக்காட்டில் இரவில் வண்டி வெளிச்சத்தில் பாய்ந்து ஓடுமே, அது வேறு சாதி. வளை தோண்டாது, புல்லில் ஒரு பள்ளம் போதும். குட்டி மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். ஆர்க்டிக் முயல் இந்த இரண்டாம் சாதி. நம் கருங்கழுத்து முயலுக்குப் பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது குளிருக்கு வருவோம். ஆர்க்டிக் முயல் வெப்ப இரத்தப் பிராணி. வெளியே மைனஸ் 40 டிகிரி இருந்தாலும் உடம்புக்குள் 38, 39 டிகிரியைக் காப்பாற்றியாக வேண்டும். உள்ளே ஓர் அடுப்பு எரிந்துகொண்டே இருக்கிறது, அணைந்தால் சாவு. அடுப்பு எரிய விறகு வேண்டும். அந்த விறகு பனிக்கு அடியில் கிடக்கும் ஆர்க்டிக் வில்லோ என்ற குட்டைச் செடியின் குச்சியும் மொட்டும் பட்டையும்தான். நீண்ட நகங்களால் பனியைத் தோண்டி, முன்னோக்கி நீண்ட வெட்டுப்பற்களால் பாறை இடுக்கிலிருந்து அதைப் பிடுங்கித் தின்கிறது. விறகு கிடைப்பது கொஞ்சம் என்பதால் வீட்டைக் காற்றுப் புகாமல் அடைத்து வைத்திருக்கிறது: கீழே மென்மயிர், மேலே நீண்ட மயிர் என இரட்டை அடுக்கு. உடம்பு உருண்டை, காது குட்டை. பாலைவன முயல்கள் நீளக் காதால் சூட்டை வெளியே விடுகின்றன. இதற்கு விடுவதற்குச் சூடு மிச்சமில்லை. காற்றுக்கு முதுகு காட்டிப் பந்துபோல் சுருண்டு உட்கார்ந்தால் பனியில் படுவது மயிர் மூடிய பாதம் மட்டும்.

இதில் நுட்பமான ஒரு விஷயம் உண்டு. இவ்வளவு குளிரில் வாழும் விலங்கு அடுப்பை எகிற எரிக்கும் என்றுதான் நினைப்போம். அளந்து பார்த்தவர்கள் கண்டது வேறு. ஓய்வில் இருக்கும்போது இதன் வளர்சிதை மாற்ற வேகம், இந்த எடையுள்ள பாலூட்டிக்கு எதிர்பார்க்கும் அளவைவிடக் குறைவு. தீயைக் கூட்டாமல் போர்வையைக் கனமாக்கியிருக்கிறது. சிக்கனத்தில் முயலும் சுறாவின் திசையில் ஓரடி எடுத்து வைத்திருக்கிறது என்று சொல்லலாம். அட்டவணையில் இது வராது.

சுறா அந்தத் திசையில் கடைசிவரை போய்விட்ட பிராணி. அதற்கு அடுப்பே கிடையாது. தண்ணீர் 2 டிகிரி என்றால் உடம்பும் 2 டிகிரி. கடல் நீர் உறையும் விளிம்பில் மைனஸ் 1.8 டிகிரி இருந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. எப்படி உறையாமல் இருக்கிறது? இதற்கான விடை நம் வீட்டுச் சமையலறையில் இருக்கிறது. சுறாவை வாங்கி வந்து கொஞ்சம் நேரம் கடத்தினால் மூக்கைத் துளைக்கும் அமோனியா வாடை வருமே, அது சுறாவின் தசையில் உள்ள யூரியா சிதைவதால் வருவது. நாமெல்லாம் சிறுநீரில் கழிக்கும் யூரியாவைச் சுறாக்கள் உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. அதனால் அவற்றின் இரத்தம் கடல் நீரளவுக்கு அடர்த்தியாகிவிடுகிறது. கடல் உறையாத வரை இரத்தமும் உறையாது. ஆனால் யூரியா அதிகமானால் புரதங்களைக் குலைக்கும். அதைச் சரிக்கட்ட ட்ரைமெத்திலமீன் ஆக்சைடு என்ற இன்னொரு சேர்மமும் இருக்கிறது. ஆழ்கடலின் அழுத்தத்தில் புரதங்கள் நசுங்கி வடிவம் மாறாமல் காப்பதும் அதுவே. கிரீன்லாந்துச் சுறாவின் இறைச்சியில் இது ஏராளம். அந்த இறைச்சியைப் பச்சையாகத் தின்ற நாய்கள் குடித்தவர்கள்போல் தள்ளாடும் என்று வடதுருவப் பயணிகள் எழுதியிருக்கிறார்கள்.

பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறச் சுறாப்புட்டு கிண்டும் நமக்கு, ஐஸ்லாந்துக்காரர்கள் இந்தச் சுறாவை என்ன செய்கிறார்கள் என்பது வேடிக்கையாக இருக்கும். சரளை மண்ணில் புதைத்து, மேலே கல்லை ஏற்றி, வாரக்கணக்கில் நீர் வடிய விட்டு, பிறகு மாதக்கணக்கில் காற்றில் தொங்கவிட்டுத் துண்டு போட்டுச் சாப்பிடுகிறார்கள். பெயர் ஹாகார்ல். நஞ்சு போய்விடும், வாடை போகாது. வடதுருவப் பழங்குடிகளான இனூயிட் மக்களின் கதை ஒன்றில் கிழவி ஒருத்தி சிறுநீரால் தலை அலசித் துவட்டிய துணி காற்றில் பறந்து கடலில் விழுந்து இந்தச் சுறா ஆனதாம். மூக்கை வைத்தே வேதியியலைப் பிடித்திருக்கிறார்கள்.

அடுப்பில்லாத வீட்டுக்கு விறகுச் செலவும் இல்லை. கனடாவின் ஆர்க்டிக் கடலில் கருவி பொருத்திக் கணக்குப் போட்ட ஆய்வு, 224 கிலோ எடையுள்ள ஒரு கிரீன்லாந்துச் சுறா உயிரோடிருக்க ஒரு நாளைக்கு 61 முதல் 193 கிராம் உணவு போதும் என்று மதிப்பிட்டது. வீட்டுப் பூனைக்கு வைக்கிற மீன் அளவு! ஒரு சீல் (கடல்நாய்) கிடைத்தால் அதற்கு எத்தனை மாதம் ஓடும் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். அந்தச் சீலை எப்படிப் பிடிக்கிறது என்பதே ஒரு புதிர். நார்வேக்கு வடக்கே உள்ள ஸ்வால்பார்ட் தீவுகள் அருகே ஆறு சுறாக்களில் கருவி கட்டி அளந்து 2012ல் வெளியிட்டார்கள்: சராசரி நீச்சல் வேகம் நொடிக்கு 0.34 மீட்டர், அதாவது மணிக்கு ஒன்றேகால் கிலோமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. வாலை ஒருமுறை இப்படியும் அப்படியும் வீச ஏறக்குறைய ஏழு நொடி. உடல் அளவை வைத்துப் பார்த்தால் மீன்களிலேயே மிக மெதுவானவற்றில் ஒன்று. விழித்திருக்கும் சீலை இது துரத்திப் பிடிக்க முடியாது. கரையில் பனிக்கரடிக்குப் பயந்து தண்ணீரிலேயே தூங்கும் சீல்களை அரவமில்லாமல் போய்க் கவ்வுகிறது என்பது அந்த ஆய்வாளர்களின் ஊகம். செத்து மிதப்பதையும் விடாது. கீழ்த்தாடையில் ஐம்பது சொச்சம் அகலப் பற்கள் ஒன்றோடொன்று கோத்து ரம்பம்போல் இருக்கும். கவ்விக்கொண்டு தலையைச் சுழற்றினால் வட்டமாக ஒரு துண்டு கழன்று வரும்.

முயல் ஓடினால் மணிக்கு 60 கிலோமீட்டர் வரை என்று சொல்லப்படுகிறது. ஓநாய்க்கும் ஆர்க்டிக் நரிக்கும் வல்லூறுக்கும் நடுவில் வாழ்வதற்கு அந்தக் கால்தான் முதலீடு. வேகம் என்ற கட்டத்தில் 60, 1.2 என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். நில்லுங்கள். கனடாவின் எல்ஸ்மியர் தீவில், அலர்ட் என்ற வடகோடி நிலையத்தின் அருகே, ஒரு பெண் ஆர்க்டிக் முயலுக்கு 2019ல் செயற்கைக்கோள் பட்டை கட்டினார்கள். அது 49 நாளில் 388 கிலோமீட்டர் போயிற்று. முயல் இனங்களில் அதுவரை யாரும் பதிவு செய்யாத தூரம். 2021ல் ஆய்விதழில் வந்தபோது துறையே வியந்தது. நாளுக்குச் சராசரி எட்டு கிலோமீட்டர். இப்போது சுறாவுக்கு வாருங்கள். நொடிக்கு 0.34 மீட்டர் என்ற அதே ஊர்தலை நிறுத்தாமல் 24 மணி நேரம் தொடர்ந்தால் 29 கிலோமீட்டர்! முயல் அந்தத் தூரத்தை அரை மணியில் ஓடிவிடும், ஆனால் ஓடாது. அதன் பெரும்பொழுது உட்கார்ந்திருப்பதிலும் தின்பதிலும் போகிறது. இது நானாகப் போட்ட கணக்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுறா நேர்கோட்டில் போவதில்லை, முயலின் பட்டையும் ஒவ்வோர் அடியையும் எண்ணவில்லை. ஆனாலும் ஆமை கதை சொன்ன பாட்டிகள் கடலைப் பார்த்துத்தான் சொன்னார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இன்னொரு வேடிக்கை: இரண்டின் சாப்பாடும் எங்கேயும் தொடாது என்று நினைத்திருப்பீர்கள். சுறாவின் வயிற்றில் மீன், சீல் போக ரெயின்டீர் மானும் கிடைத்திருக்கிறது. முயலோ, வேட்டைக்காரர்கள் அதே மானை வெட்டி எறிந்த இரைப்பையில் செரிக்காமல் கிடக்கும் பாசியைத் தின்னும். நரிப் பொறியில் வைத்த இறைச்சியைக்கூடக் கடிக்கும். தாவர உண்ணி, ஊனுண்ணி என்ற பெட்டிகள் வடக்கே போகப் போகக் கொஞ்சம் ஒழுகுகின்றன.

அடுத்தது ஆயுள். கட்டுரையின் உயிர் இங்கேதான் இருக்கிறது, ஆற அமர எழுதுங்கள்.

இரண்டின் வயதையும் கண்ணில்தான் படிக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. கண்வில்லை வாழ்நாள் முழுக்க மேலே மேலே அடுக்கு சேர்த்து வளரும். நடுவில் உள்ளது கருவில் உருவான நாளிலிருந்து மாறாது. ஐரோப்பிய முயல்களை வேட்டையாடும் நாடுகளில், பிடிபட்ட முயலின் கண்வில்லையை உலர்த்தி எடை போட்டு, இது இந்த ஆண்டுக் குட்டியா, பழைய முயலா என்று பிரிப்பது வழக்கமான முறை. முயலுக்கு அது போதும். ஆர்க்டிக் முயலில் காட்டில் நான்கைந்து ஆண்டு தாண்டுவதே பெரிது.

சுறாக்களின் வயதை வழக்கமாக முதுகெலும்பு வளையத்தையோ துடுப்பு முள்ளையோ வைத்து எண்ணுவார்கள், மர வளையம் எண்ணுவதுபோல. கிரீன்லாந்துச் சுறாவுக்கு முள் கிடையாது; முதுகெலும்பு எண்ணுவதற்கு ஆகாத அளவு மென்மை. மிக மெதுவாக வளர்கிறது என்பது மட்டும் தெரிந்திருந்தது: 1936ல் அடையாளம் கட்டி விட்ட ஒரு சுறாவை 1952ல் மறுபடி பிடித்தபோது 8 சென்டிமீட்டர்தான் வளர்ந்திருந்தது. வயது 2016 வரை யாருக்கும் பிடிபடவில்லை. அந்த ஆண்டு டென்மார்க்கின் யூலியுஸ் நீல்சனும் கூட்டாளிகளும் 28 பெண் சுறாக்களின் கண்வில்லை நடுப்பகுதியில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனை அளந்தார்கள். 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றிலும் கடலிலும் கார்பன்-14ஐ ஏற்றிவிட்டன. அதற்குப் பின் பிறந்த உயிர்களின் கண்ணில் அந்த முத்திரை விழுந்திருக்கும். 28ல், நீளம் இரண்டு மீட்டர் சொச்சமோ அதற்குக் குறைவோ உள்ள மூன்று குட்டையான சுறாக்களில் மட்டும் அந்த முத்திரையின் தடம் இருந்தது. மற்றவை எல்லாம் அணுகுண்டுக்கு மூத்தவை! அங்கிருந்து நீளத்தையும் கார்பனையும் சேர்த்துப் போட்ட கணக்கில், 5 மீட்டர் நீளமுள்ள மிகப் பெரியதற்கு 392 ஆண்டு வந்தது, 120 கூடலாம் அல்லது குறையலாம். குறைந்தபட்சக் கணக்கான 272ஐ எடுத்தாலும், அறிந்த முதுகெலும்பிகளில் ஆயுளில் இதை மிஞ்ச ஒன்றும் இல்லை.

நீண்ட ஆயுளைக் கேட்டு வாய் பிளப்பார்கள். எனக்கு அதைவிட அச்சம் தருவது அதே ஆய்வின் இன்னோர் எண். பெண் சுறா பருவமடைய ஏறக்குறைய 4 மீட்டர் வளர வேண்டும். அதற்கு 156 ஆண்டு ஆகும் என்கிறது கணக்கு, கூடக் குறைய 22. முயல் எப்படி என்று பாருங்கள். இந்தக் கோடையில் பிறந்த பெண்குட்டி அடுத்த கோடையில் தாய். வடகோடியில் ஆண்டுக்கு ஒரே ஈற்று, ஈற்றுக்கு ஐந்தாறு குட்டி. தாய் பக்கத்தில் இருந்து சீராட்டுவதும் இல்லை. பதினெட்டு, இருபது மணி நேரத்துக்கு ஒருமுறை வந்து சில நிமிடம் பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். சிதறிக் கிடக்கும் குட்டிகள் அந்த நேரம் பார்த்துப் பிறந்த இடத்துக்கு ஓடிவரும். தாய் கூடவே இருந்தால் அந்த வாடைக்கு நரி வந்துவிடும். சுறா குட்டியை வயிற்றிலேயே வைத்துப் பொரித்துப் போடும் இனம். கருவுற்ற பெண்ணைக் கண்டதே அரிதினும் அரிது; 1950களில் பதிவான ஒன்றின் வயிற்றில் 10 குட்டிகள் இருந்தன.

ஒரு சுறா பருவமடையும் காலத்தில் முயலில் நூற்றைம்பது தலைமுறை கழிந்துவிடும். பஞ்சம், ஓநாய் பெருக்கம், பனி கெட்டியாக உறைந்து செடி கிடைக்காத குளிர்காலம் என்று எது வந்தாலும் முயல் கூட்டம் அடிபட்டுச் சரியும், நாலைந்து நல்ல கோடையில் மறுபடி எழும். எல்ஸ்மியரில் சில சமயம் நூற்றுக்கணக்கில் கூட்டமாகத் திரிவதைப் பார்த்திருக்கிறார்கள். அதன் கவலை வேறு: தெற்கே கோடையில் பழுப்புக்கு மாறும் முயல்களுக்கு மயிர் நிறம் பகலின் நீளத்தைப் பார்த்து மாறுகிறது, பனியைப் பார்த்து அல்ல. பனி முன்கூட்டி உருகினால் பழுப்பு மண்ணில் வெள்ளை முயல் விளக்குப் போட்டதுபோல் தெரியும். ஆனாலும் தலைமுறை சீக்கிரம் புரளும் உயிருக்கு மாறிக்கொள்ள வாய்ப்பு உண்டு.

சுறாவுக்கு அந்த வசதி இல்லை. நீந்தும் பை கிடையாததால் மிதப்புக்காக எண்ணெய் நிறைந்த பெரிய ஈரல் வைத்திருக்கிறது. அந்த எண்ணெய் விளக்குக்கும் எந்திரத்துக்கும் ஆனது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிரீன்லாந்தில் ஆண்டுக்கு 30,000 அளவுக்குப் பிடித்தார்கள். பெட்ரோலிய எண்ணெய் வந்து அந்த வியாபாரம் படுத்தது. சுறாமேல் இரக்கப்பட்டு யாரும் நிறுத்தவில்லை. இன்று குறிவைத்துப் பிடிப்பது அநேகமாக இல்லை, ஹாலிபட் மீனுக்கும் இறாலுக்கும் போடும் தூண்டிலிலும் வலையிலும் தானாக வந்து மாட்டுகிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதை அழிவாய்ப்புள்ள இனமாகப் பட்டியலிட்டிருக்கிறது. கணக்கை இப்படிப் போடுங்கள்: அந்த எண்ணெய் வேட்டை மும்முரமாக நடந்த 1910ல் ஒரு பெண்சுறா பிறந்திருந்தால், அது பருவமடைவது 2066ல். அன்று கொன்றதற்கு ஈடு செய்ய வேண்டிய தலைமுறை இன்னும் குமரியாகவில்லை.

ஆழம் பற்றி ஒரு வரி. இதை ஆழ்கடல் சுறா என்று சொன்னால் யாராவது மறுக்கலாம். வடக்கே குளிர்காலத்தில் இது மேற்பரப்புக்கே வரும். 2,000 மீட்டருக்குக் கீழேயும் படம் பிடித்திருக்கிறார்கள். இது தேடுவது குளிரைத்தான். கரிபியன் கடலில் பெலீஸ் அருகே 2022ல் இதுவோ இதன் நெருங்கிய உறவோடு கலந்ததோ ஒன்று தூண்டிலில் வந்தது. வெப்பமண்டலத்திலும் போதுமான ஆழத்துக்குப் போனால் குளிர் இருக்கிறது. முயலுக்கு அப்படி இறங்கிப் போக இடமில்லை.

கண்ணைப் பற்றியும் சொல்லவேண்டும். முயலின் கண் தலையின் இரு பக்கமும் இருப்பதால் கிட்டத்தட்டச் சுற்றிலும் பார்க்கும். சுறாவின் கண்ணில் பெரும்பாலும் கோப்பிபாட் என்ற, இறால் வகையறாவைச் சேர்ந்த ஒரு சிறு ஒட்டுண்ணி, புழுப்போல் தொங்கிக்கொண்டு, கருவிழியைப் புண்ணாக்குகிறது. அதனால் இந்தச் சுறா குருடு என்று எல்லாப் புத்தகத்திலும் எழுதிவந்தார்கள். இருட்டில் மோப்பத்தால் வாழும் பிராணிக்கு அது பெரிய இழப்பில்லை என்பது சரி, ஆனால் முழுக் குருடு என்று நான் எழுதமாட்டேன். நீங்களும் எழுதவேண்டாம்.

அதேபோல் வயதை எழுதும்போது 392 என்று மட்டும் மொட்டையாகப் போட்டுவிடாதீர்கள். 272 முதல் 512 வரை என்ற வீச்சையும் சேர்த்து எழுதுங்கள். விவரம் தெரிந்தவர் திருத்தினால் முதலில் அங்கேதான் பேனாவை வைப்பார்.